லிங்கர் பிழைக்குப் பதில் புது மெஷின் இல்லை

திறந்தமூல மென்பொருள் என்றால் என்ன என்று கேட்டால் எங்களில் பலரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். மூலநிரலை வாசிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். சரி, இந்த வரையறையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே மூலநிரலை இறக்கி, கையில் இருக்கிற கொஞ்சம் பழைய யுனிக்ஸ் இயந்திரத்தில் கொம்பைல் செய்து, எல்லாக் கோப்புகளும் ஓடி முடிந்து, கடைசிப் படியில் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று நாலு வரி வந்து நின்றால், அதே ஆட்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கோ. பதில் மாறிவிடும். "அது பழசு மச்சான். புதுசுக்கு மாறு."

இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை. கேள்வியைக் காதில் வாங்காமலே கேட்டவரை வாசலுக்கு வெளியே அனுப்புகிற பேச்சு இது. லிங்கர் பிழை பெரும்பாலும் இயந்திரத்தின் வயதைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த மென்பொருளை எழுதியவர் தன்னுடைய கணினியைப் பற்றி வைத்திருந்த, எங்கேயும் எழுதிவைக்காத ஒரு நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறது. அதை வாசிக்கப் பழகாதவரை நாங்கள் திறந்தமூலத்தின் பாவனையாளர்களாக மட்டும்தான் இருப்போம். பங்காளிகளாக முடியாது.

லிங்கர் செய்கிற வேலையில் மந்திரம் ஒன்றும் இல்லை. கொம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக இயந்திர மொழிக்கு மாற்றும். ஒரு கோப்பு வேறு எங்கேயோ இருக்கிற ஃபங்ஷன் ஒன்றை அழைத்தால், அந்த இடத்தில் வெற்றிடம் விட்டு, "இந்தப் பெயருக்கு உரியது பிறகு வரும்" என்று குறித்துவைக்கும். கடைசியில் லிங்கர் வந்து, கோப்புகளையும் லைப்ரரிகளையும் சேர்த்து, அந்த வெற்றிடங்களை ஒவ்வொன்றாக நிரப்பும். நிரப்ப ஆள் கிடைக்காவிட்டால் நின்றுவிடும். நிற்கும்போது சும்மா நிற்பதில்லை. எந்தப் பெயர் கிடைக்கவில்லை, அதை எந்தக் கோப்பு கேட்டது என்று சொல்லிவிட்டுத்தான் நிற்கும். சொலாரிஸின் லிங்கர் இதை அட்டவணை போலவே அச்சிடும். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அதை முதலில் கேட்ட கோப்பு. இதைவிடத் தெளிவாக ஒரு பிழைச்செய்தி எப்படி இருக்க முடியும்? ஆனாலும் எங்கட ஆட்கள் அந்த அட்டவணையைத் தாண்டிப் போய், கடைசி வரியில் இருக்கிற 'ஃபேற்றல்' என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள்.

சொலாரிஸையே உதாரணமாக எடுப்போம். லினக்ஸில் எழுதிய, வலையமைப்போடு பேசுகிற சின்ன நிரல் ஒன்றை சொலாரிஸ் 8 இலோ 10 இலோ கட்டினால், 'சொக்கெட்', 'கெட்ஹோஸ்ட்பைநேம்' ஆகிய பெயர்கள் கிடைக்கவில்லை என்று வரும். நிரலும் பிழையில்லை, அந்த இயந்திரத்தில் வலையமைப்பும் இருக்கிறது. பிறகு ஏன்? பதில் வரலாற்றில் இருக்கிறது. சொக்கெட் என்ற ஏற்பாடு 1983 இல் பேர்க்லியின் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸோடு வந்தது. அங்கே அது கேர்னலுக்கான நேரடி அழைப்பு. அதனால் சி மொழியின் அடிப்படை லைப்ரரியான லிப்சிக்குள்ளேயே இருந்தது. லினக்ஸும் அந்த வழியைத்தான் பிடித்தது. ஆனால் ஏரி அன்ட் ரியின் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டில் வலையமைப்பு 'ஸ்ட்ரீம்ஸ்' என்ற வேறொரு அமைப்பின் மேல் கட்டப்பட்டிருந்தது. சொக்கெட் அதற்கு மேலே போர்த்திய ஒரு தனி லைப்ரரி. சன் நிறுவனம் 1992 இல் பிஎஸ்டி வழியில் வந்த சன்ஓஎஸ் 4 ஐ விட்டு, சிஸ்டம் ஃபைவ் வழியில் சொலாரிஸ் 2 க்கு மாறியது. அதிலிருந்து அங்கே சொக்கெட் வேண்டுமென்றால் லிப்சொக்கெட், ஆட்களின் முகவரி தேட வேண்டுமென்றால் லிப்என்எஸ்எல்.

ஆகவே தீர்வு, இணைக்கிற வரியின் கடைசியில் '-எல்சொக்கெட் -எல்என்எஸ்எல்' என்று இரண்டு சொற்கள். அவ்வளவுதான். புது மெஷின் வேண்டாம், புது டிஸ்ட்ரோ வேண்டாம்.

இதில் எரிச்சல் தருகிற விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த விடை அந்த இயந்திரத்துக்குள்ளேயே கிடந்தது. சொலாரிஸில் 'மேன் சொக்கெட்' என்று தட்டினால் வருகிற பக்கத்தின் தொடக்கத்திலேயே, இதைக் கொம்பைல் செய்யும்போது எந்த லைப்ரரிகளைச் சேர்க்க வேண்டும் என்று கட்டளை வரியாகவே எழுதியிருப்பார்கள். இன்ரநெற்றும் தேவையில்லை, அண்ணைமாரிடம் கெஞ்சவும் தேவையில்லை. நாங்கள் எங்கட பள்ளிக்கூடங்களில் பாஸ் பேப்பர் செய்து பழகிய ஆட்கள். கேள்வியை வாசிக்க முதலே விடை எந்த வருசத்துப் பேப்பரில் இருக்கிறது என்று தேடுவோம். கணினி முன்னாலும் அதே பழக்கம்தான். பிழைச்செய்தியை அப்படியே வெட்டி ஒட்டித் தேடி, வேறு ஆரோ வேறு இயந்திரத்துக்குச் சொன்ன மருந்தை விழுங்குவோம். அது கேட்காவிட்டால் 'பழசு' என்று முடிவு கட்டுவோம்.

மருந்துக்கு முதல் நோயைப் பிரித்தறிய வேண்டும். 'பெயர் கிடைக்கவில்லை' என்ற ஒரே செய்திக்குப் பின்னால் குறைந்தது நான்கு வேறு வேறு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, பெயர் அந்த இயந்திரத்தில் இருக்கிறது, ஆனால் எந்த லைப்ரரியில் என்று லிங்கருக்கு ஒருவரும் சொல்லவில்லை. மேலே சொன்ன சொக்கெட் கதை இதுதான். 'என்எம்' என்ற கட்டளை ஒரு லைப்ரரிக்குள் இருக்கிற பெயர்களைப் பட்டியலிடும். லைப்ரரிகள் இருக்கிற அடைவில் அதை ஓடவிட்டு, தேடுகிற பெயரை வடிகட்டினால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, லைப்ரரி சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் ஒழுங்கு பிழை. நிலையான லைப்ரரிகளை, அதாவது புள்ளி ஏ என்று முடிகிறவற்றை, வழமையான யுனிக்ஸ் லிங்கர் இடமிருந்து வலமாக ஒரு தடவைதான் பார்க்கும். அந்த நேரத்தில் எந்த வெற்றிடங்கள் கையில் இருக்கின்றனவோ அவற்றுக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு வருகிற கோப்பு ஒன்று கேட்டால் திரும்பிப் பார்க்காது. அதனால் கேட்கிறவர் இடப்பக்கம், கொடுக்கிறவர் வலப்பக்கம். இது நேற்று வந்த சிக்கல் இல்லை. 1979 இன் ஏழாம் பதிப்பு யுனிக்ஸிலேயே, லைப்ரரிக்குள் இருக்கிறவற்றைச் சரியான ஒழுங்கில் அடுக்குவதற்கு 'எல்ஓர்டர்', 'ரீசோர்ட்' என்று இரண்டு கருவிகள் இருந்தன. ரீசோர்ட் இன்றைக்கும் உங்கள் லினக்ஸில் இருக்கிறது. அது ஏன் அங்கே கிடக்கிறது என்று கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது, அந்தப் பெயர் இயந்திரத்தில் எங்கேயுமே இல்லை. இது வேறு நோய். உதாரணத்துக்கு 'கெட்லைன்', 'எஸ்ரிஆர்என்டப்' ஆகியவை குனு லைப்ரரியில் பிறந்து, 2008 இல்தான் பொசிக்ஸ் தரத்துக்குள் வந்தவை. 2005 இல் வெளிவந்த சொலாரிஸ் 10 இன் லிப்சியில் அவற்றைத் தேடினால் எப்படி இருக்கும்? இங்கே எத்தனை லைப்ரரிகளைச் சேர்த்தாலும் பிரயோசனம் இல்லை. அந்த ஃபங்ஷனை எழுதித்தான் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் சில பத்து வரிகள்தான்.

நான்காவது, பெயர் இருக்கிறது, ஆனால் இனம் வேறு. 64 பிட் நிரலோடு 32 பிட் லைப்ரரி சேராது. சிலிக்கன் கிராஃபிக்ஸின் ஐரிக்ஸில் இப்படி ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று வகைகள் இருந்தன. சி பிளஸ் பிளஸ் என்றால் இன்னும் ஒரு படி கூட. அந்த மொழியின் கொம்பைலர்கள் ஃபங்ஷனின் பெயரோடு அதன் அளபுருக்களின் வகைகளையும் பின்னி ஒரு நீண்ட பெயராக்கும். சன்னின் கொம்பைலர் பின்னுகிற விதம் வேறு, குனுவின் ஜி பிளஸ் பிளஸ் பின்னுகிற விதம் வேறு. ஒன்றால் கட்டிய லைப்ரரியை மற்றதால் கட்டிய நிரலோடு இணைத்தால் கிடைக்காத பெயர்கள் பக்கம் பக்கமாக வரும். அந்த நீளத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே காரணத்தின் நூறு பிரதிகள்.

இந்த நான்கையும் பிரிக்காமல் சொல்லப்படுகிற ஆலோசனைகள்தான் உண்மையில் ஆபத்து. ஒருவர் சொல்லுவார், தெரிந்த எல்லா லைப்ரரிகளையும் வரியில் அள்ளிப் போடு என்று. இன்னொருவர் சொல்லுவார், எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியை உங்கள் புரொஃபைல் கோப்பில் நிரந்தரமாகப் போட்டுவிடு என்று. அது ஒரு நிரலை ஓட வைக்கும், பிறகு வேறு நாலு நிரல்களுக்குப் பிழையான லைப்ரரியைக் கொடுத்துக் கவிழ்க்கும். லைப்ரரி இருக்கிற இடத்தைக் கட்டும்போதே நிரலுக்குள் எழுதிவைக்க சொலாரிஸில் '-ஆர்' என்ற தெரிவு இருக்கிறது. ஓட்ட முதல் 'எல்டிடி' கட்டளையால் எது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும், ஆனால் சொல்லமாட்டார்கள். எல்லாவற்றிலும் மோசமானது, பழைய லினக்ஸில் ஜிலிப்சியையே தூக்கிவிட்டுப் புதியதைப் போடு என்ற ஆலோசனை. அந்த இயந்திரத்தின் அநேகமான நிரல்கள் அதன் மேல்தான் நிற்கின்றன. பிழைத்தால் ஒரு கோப்பைப் பிரதி செய்கிற கட்டளைகூட ஓடாது. வீட்டில் ஒரு கதவு இறுகினதுக்கு அத்திவாரத்தைக் கிண்டச் சொல்லுகிற மேசன்மார் இவர்கள்.

"சரி, சொலாரிஸ் ஆரிட்ட இருக்கு? எங்களுக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு 2021 ஓகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். ஜிலிப்சி 2.34 வெளிவந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த லிப்பிதிரெட், லிப்டிஎல் ஆகியவை லிப்சிக்குள் சேர்க்கப்பட்டன. நல்ல மாற்றம்தான். ஆனால் விளைவு என்ன? புதிய கணினியில் நிரல் எழுதுகிறவர் அந்த லைப்ரரிகளைக் குறிப்பிட மறந்தாலும் எல்லாம் சரியாக இணையும். தன்னுடைய கட்டும் கோப்பில் ஓட்டை இருப்பது அவருக்குத் தெரியவே வராது. அதே மூலநிரலை உபுன்டு 20.04 இல் கட்டுங்கள். அங்கே ஜிலிப்சி 2.31. 'பிதிரெட்_கிரியேட்' கிடைக்கவில்லை என்று வந்து நிற்கும். முப்பது வருசத்துக்கு முந்தைய சொக்கெட் கதையே திரும்ப நடக்கிறது. இந்த முறை 'பழைய யுனிக்ஸ்' என்று பெயர் வாங்குவது உங்களுடைய மடிக்கணினி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020 இல் வந்த ஜிசிசி 10, ஒரே பொது மாறியைப் பல கோப்புகளில் அறிவிப்பதை முன்னிருப்பாக ஏற்க மறுத்தது. அதுவரை பல வருடங்களாகக் கட்டுப்பட்ட பழைய நிரல்கள் புத்தம் புதிய இயந்திரங்களில் 'பலமுறை வரையறுக்கப்பட்டுள்ளது' என்று விழுந்தன. 2024 இல் ஜிசிசி 14, அறிவிக்காமல் அழைக்கப்படுகிற ஃபங்ஷன்களைப் பிழை என்று அறிவித்தது. அதுவரை கொம்பைலர் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட, லிங்கர்தான் கடைசியில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆகப் புதுசுக்கு மாறினாலும் பிழை விடாது. பழசு, புதுசு என்று பிரிப்பதில் அர்த்தமில்லை. சொல்லாமல் விட்ட நம்பிக்கை ஒன்று வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

இப்போது மறுபக்கத்துக்கும் காது கொடுப்போம். மென்பொருளைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளம் இல்லாமல் இரவில் வேலை செய்கிறவர்கள். அவர்களிடம் எச்பி-யுஎக்ஸோ ஏஐஎக்ஸோ இல்லை. இல்லாத இயந்திரத்தில் எப்படிப் பரிசோதிப்பார்கள்? அதோடு, எல்லாப் பழைய அமைப்புகளையும் தாங்கப் போய் நிரல் நாறிப்போன வரலாறும் இருக்கிறது. 2014 இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது ஓப்பன்பிஎஸ்டி குழு ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் திறந்து பார்த்தது. சில இயந்திரங்களில் நினைவக ஒதுக்கீடு மெதுவாக இருக்கிறது என்பதற்காக எல்லா இயந்திரங்களிலும் தனியாக ஒரு நினைவகச் சேமிப்பை அது வைத்திருந்தது. அதனால் இயங்குதளம் தரக்கூடிய பாதுகாப்புகள் மறைக்கப்பட்டன என்பது அவர்களின் முறைப்பாடு. லிப்ரெஎஸ்எஸ்எல் என்று பிரித்தெடுத்து, ஆரும் தொடாத பழைய தளங்களுக்கான பல்லாயிரம் வரிகளை வெட்டி எறிந்தார்கள். அவர்கள் செய்தது சரி என்றுதான் நானும் சொல்லுவேன்.

ஆனால் அந்தக் கதையை இடையில் நிறுத்தக்கூடாது. அதே ஓப்பன்பிஎஸ்டி ஆட்களின் ஓப்பன்எஸ்எஸ்எச்சைப் பாருங்கள். அதன் மூலநிரல் ஓப்பன்பிஎஸ்டிக்காகச் சுத்தமாக எழுதப்படுகிறது. மற்ற யுனிக்ஸ்களுக்கான பதிப்பில் 'ஓப்பன்பிஎஸ்டி-கொம்பாட்' என்று ஒரு தனி அடைவு. ஒரு தளத்தில் எந்த ஃபங்ஷன் இல்லையோ அதன் மாற்று அங்கே இருக்கிறது. முக்கிய நிரல் குப்பையாகவில்லை, பழைய இயந்திரமும் கைவிடப்படவில்லை. லிப்ரெஎஸ்எஸ்எல்லும் பிறகு மற்றத் தளங்களுக்கு இதே வழியில்தான் போனது. இதைத்தான் ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் கொலியரும் 1992 இலேயே யூஸ்நிக்ஸ் மாநாட்டுக் கட்டுரை ஒன்றில் வாதிட்டார்கள்: தள வேறுபாடுகளை நிரல் முழுக்க நிபந்தனை வரிகளாகத் தெளிக்காதே, அவற்றை ஒரு ஓரத்தில் தனிக் கோப்புகளில் வை. முப்பது வருசத்துக்கு மேலாகிறது. ஆக, 'ஏலாது' என்பது உண்மையில்லை. கொஞ்சம் ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான்.

பராமரிப்பவர் எல்லாத் தளத்தையும் தாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தன் நம்பிக்கைகளை எழுதிவைக்க வேண்டும் என்று கேட்கிறேன். எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பிலிருந்து, எந்தத் தரத்தின்படி. ஒரு ஃபங்ஷன் லிப்சியில் இருக்கலாம், இல்லாவிட்டால் லிப்சொக்கெட்டில் இருக்கலாம் என்று தேடிப் பார்க்க ஓட்டோகொன்ஃபில் ஒரே வரி போதும். குனு லிங்கருக்கு மட்டும் விளங்குகிற தெரிவுகளைக் கட்டும் கோப்பில் கண்மூடிப் போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. முழு ஆதரவு தர முடியாதவர், ஒருவர் ஐந்து வரித் திருத்தம் அனுப்பினால் "இந்தக் காலத்தில் ஆர் இதைப் பாவிக்கிறது?" என்று நக்கல் அடிக்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

இது மரியாதையைப் பற்றிய பேச்சு மட்டுமில்லை. 1991 இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, 'முழுமையான மூலநிரல்' என்றால் என்ன என்று வரையறுக்கும்போது, நிரலைக் கொம்பைல் செய்து நிறுவுவதைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளையும் அதற்குள் சேர்க்கிறது. அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கட்ட முடியாத மூலநிரல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சாப்பாடு என்று. பார்க்கலாம், பசி தீராது. நிரலை ஒருவருடைய மடிக்கணினியில் மட்டும்தான் கட்டலாம் என்றால், மற்றவர்களுக்கு மாற்றும் உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது.

எங்களுக்கு இது ஏன் கூடுதலாகச் சுட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அந்த வருசம் புது மடிக்கணினி வாங்க நினைத்த பிள்ளையிடம் 'அப்கிரேட் பண்ணு' என்று சொல்லுவது தொழில்நுட்ப ஆலோசனையா? டொலரில் சம்பளம் வாங்குகிறவருக்கு அது ஒரு வார இறுதிச் செலவு. எங்களுக்கு அது ஒரு குடும்பத்தின் பல மாதக் கணக்கு. இருக்கிற இயந்திரத்தை இன்னும் ஐந்து வருசம் ஓட்டுகிற அறிவு இந்த நாட்டில் ஒரு பொழுதுபோக்கு இல்லை. அந்த அறிவை 'பழசு' என்ற ஒரு சொல்லால் தள்ளுகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, கடைக்காரருக்கு வேலை செய்கிறார்கள்.

ஆகவே படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு. அடுத்த முறை லிங்கர் நின்றால் திரையை மூடாதேங்கோ. மேலே உருட்டி முதல் பிழையை வாசியுங்கோ, கடைசிப் பிழையை இல்லை. அதற்கும் மேலே கொம்பைலர் தந்த எச்சரிக்கைகளைப் பாருங்கோ, அறிவிக்காமல் அழைத்த ஃபங்ஷன் என்று அங்கேயே சொல்லியிருக்கும். 'கொன்ஃபிகர்' ஓடியிருந்தால் 'கொன்ஃபிக்' என்ற பெயரில் ஒரு லொக் கோப்பு இருக்கும். எந்தச் சோதனை ஏன் தோற்றது என்பதை அது ஓட்டிய கட்டளையோடு எழுதிவைத்திருக்கும். பெயரை எடுத்துக்கொண்டு மேன் பக்கத்துக்குப் போங்கோ, பிறகு என்எம். தீர்வு கிடைத்தால் உங்களோடு வைத்திருக்காமல் ஒரு திருத்தமாக எழுதி அந்தத் திட்டத்துக்கு அனுப்புங்கோ. இரண்டு சொற்களைச் சேர்க்கிற திருத்தம் என்றாலும் பரவாயில்லை. எங்களில் பலருக்குத் திறந்தமூலத்தில் முதல் பங்களிப்பாக அது இருக்கலாம்.

கணினி படிப்பிக்கிற ஆட்களுக்கும் ஒன்று. மாணவருக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடுகிற நிரலை மட்டும் காட்டாதேங்கோ. ஒரு நாளாவது, வேண்டுமென்றே லைப்ரரி ஒன்றை எடுத்துவிட்டு, வருகிற பிழையை வகுப்போடு சேர்ந்து சத்தமாக வாசியுங்கோ.

'பழசு, மாத்து' என்று இனி ஆராவது சொன்னால், அவரிடம் திருப்பிக் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும்: "எந்தப் பெயர் கிடைக்கேல்லை எண்டு பாத்தனீங்களா?"